டயாலிசிஸ் அமர்வுகளுக்குக் கணக்கு உண்டு, கிடைத்த சிகிச்சைக்கு?

புதுதில்லி: சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஏழை நோயாளிகளுக்கு மாவட்ட மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம், இன்று எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் செயல்படுகிறது. மையங்களின் எண்ணிக்கை 1,500-ஐக் கடந்துவிட்டது. எத்தனை மாவட்டங்கள், எத்தனை மையங்கள், எத்தனை நோயாளிகள், எத்தனை லட்சம் அமர்வுகள் என்ற விவரங்கள் நாடாளுமன்றப் பதில்களிலும் அரசு அறிக்கைகளிலும் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

ஆனால், ஓர் அமர்வு எனப் பதிவான சிகிச்சையில் நோயாளியின் ரத்தம் உண்மையில் எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கைகளில் விடை இல்லை. மூன்று மணி நேரத்தில் முடிந்ததும் ஓர் அமர்வுதான். நான்கு மணி நேரம் முழுமையாக நடந்ததும் ஓர் அமர்வுதான். பதிவேட்டில் இரண்டும் ஒன்று. நோயாளியின் உடலில் இரண்டும் ஒன்றல்ல.

டயாலிசிஸை எட்டச் செய்வதில் நாடு கணிசமாக முன்னேறியுள்ள நிலையில், எட்டியது போதுமான அளவில் எட்டியதா என்று அளப்பதே இத்திட்டத்தின் அடுத்த சோதனையாக நிற்கிறது.

பட்ஜெட் கணக்கில் இருந்த 'மூன்று'

2016 பிப்ரவரி 29 அன்று மத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்த அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் இறுதிக்கட்டச் சிறுநீரக நோயாளிகளாகப் புதிதாகச் சேர்வதாகவும், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுவதாகவும் குறிப்பிட்டார். ஓர் அமர்வுக்குச் சுமார் 2,000 ரூபாயும், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேலும் செலவாகிறது என்பது அவர் அளித்த மற்றொரு கணக்கு.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் திட்டத்தின் அடிப்படை அனுமானம் வெளிப்படும். 3.4 கோடி அமர்வுகளை 2.2 லட்சம் நோயாளிகளுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 155 அமர்வுகள் வருகின்றன. வாரத்திற்கு மூன்று முறை வீதம் 52 வாரங்களுக்கு 156. ஆண்டுச் செலவு 3 லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் இதே கணக்கில்தான். அதாவது, வாரம் மூன்று முறை என்ற உலகளாவிய வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டே தேவை மதிப்பிடப்பட்டது.

நடைமுறை வேறு. இந்தியாவில் வாரத்திற்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்வது பரவலான வழக்கம். பயணச் செலவு, இழக்கும் நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, மையத்தில் காலியிடம் இல்லாமை எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் பேருந்துக் கட்டணம் இலவசமாவதில்லை. வாரம் இரண்டு முறை எனில் ஆண்டுக்கு 104 அமர்வுகள். பட்ஜெட் கணக்குக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 52 அமர்வுகள் காணாமல் போகின்றன. மொத்த அமர்வுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே இருக்கும்போது இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை.

அளவுகோல் எப்படி வந்தது?

டயாலிசிஸ் 'போதுமானதா' என்பதை எண்ணால் சொல்லும் முயற்சி அமெரிக்காவில் வேகம் பெற்றது. 1972-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக, சிறுநீரகம் செயலிழந்தோரின் டயாலிசிஸ் செலவை அந்நாட்டு அரசின் மெடிகேர் காப்பீடு ஏற்றது. அரசுப் பணம் செலவாகத் தொடங்கியதும் எவ்வளவு சிகிச்சை போதும் என்ற கேள்வியும் எழுந்தது. தேசியக் கூட்டு டயாலிசிஸ் ஆய்வின் முடிவுகள் 1981-இல் வெளியாயின. ரத்தத்தில் யூரியாவின் சராசரி அளவு குறைவாக வைக்கப்பட்ட நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைந்திருந்ததை அவை காட்டின. அதே தரவுகளை மறுபகுப்பாய்வு செய்த ஃப்ராங்க் காட்ச், ஜான் சார்ஜென்ட் ஆகியோர் 1985-இல் முன்வைத்த சூத்திரமே 'கேடி/வி'. இன்று உலகெங்கும் டயாலிசிஸ் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்.

சூத்திரம் சிக்கலானதன்று. 'கே' என்பது டயாலைசர் எனப்படும் வடிகட்டி நிமிடத்திற்கு எவ்வளவு ரத்தத்தை யூரியாவிலிருந்து முழுமையாக விடுவிக்கிறது என்பது. 'டி' என்பது நேரம். 'வி' என்பது நோயாளியின் உடலில் உள்ள நீரின் கொள்ளளவு. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் விடை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 35 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். வடிகட்டி நிமிடத்திற்கு 200 மில்லி லிட்டரைச் சுத்திகரித்தால், நான்கு மணி நேரத்தில் 48 லிட்டர். 48-ஐ 35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.37. அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2015 வழிகாட்டுதல்படி, வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுவோருக்கு ஒவ்வோர் அமர்விலும் இலக்கு 1.4, குறைந்தபட்சம் 1.2.

கணக்கு அதைவிட எளிமையாகவும் வேண்டும் என்றால் யூரியா குறைப்பு விகிதம் இருக்கிறது. அமர்வுக்கு முன்பும் பின்பும் ரத்த மாதிரி எடுத்து, யூரியா எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பது. 65 சதவீதம் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. இதற்கு வேண்டியவை இரண்டு யூரியா பரிசோதனைகள். எந்த மாவட்ட மருத்துவமனையின் ஆய்வகத்திலும் இவற்றைச் செய்ய முடியும்.

எழுதிய அளவும் கிடைத்த அளவும்

மருத்துவர் சீட்டில் 'நான்கு மணி நேரம்' என எழுதுவது பரிந்துரை. இயந்திரத்தில் ரத்த பம்ப் உண்மையில் ஓடிய நேரம் சிகிச்சை. இவற்றுக்கு இடையே பல கசிவுகள் உள்ளன.

முதலாவது நேரம். முந்தைய ஷிப்ட் தாமதமானால் அடுத்தவர் தாமதமாகப் படுக்கைக்கு வருகிறார். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் முன்கூட்டியே எழுகிறார். தசைப்பிடிப்போ ரத்த அழுத்த வீழ்ச்சியோ ஏற்பட்டால் சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்படுகிறது. மேற்சொன்ன 60 கிலோ நோயாளிக்கு அரை மணி நேரம் குறைந்தாலே 1.37 என்ற எண் 1.2 ஆகிறது. ஒரு மணி நேரம் குறைந்தால் 1.03. வாரம் மூன்று முறை வருபவர் ஒவ்வொரு முறையும் 15 நிமிடங்களை இழந்தால் ஆண்டுக்கு 39 மணி நேரம். ஏறத்தாழ பத்து முழு அமர்வுகள். பதிவேட்டிலோ அவர் ஓர் அமர்வைக்கூடத் தவறவிடாதவர்.

இரண்டாவது ரத்த ஓட்டம். கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலா நன்றாக முதிர்ந்திருந்தால்தான் போதிய வேகத்தில் ரத்தம் இயந்திரத்துக்கு வரும். அது குறுகிப்போனாலும், கழுத்தில் பொருத்திய கதீட்டர் அடைபட்டாலும் வேகம் குறையும். சுத்திகரித்த ரத்தமே மீண்டும் இயந்திரத்துக்குள் திரும்பி வருவதும் உண்டு. வெளிப்பார்வைக்குச் சிகிச்சை வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வடிகட்டி. செலவைக் குறைக்க ஒரே நோயாளிக்கு ஒரே டயாலைசரைக் கழுவிப் பலமுறை பயன்படுத்துவது இந்தியாவில் பல மையங்களில் வழக்கம். முறையாகச் செய்தால் இது ஏற்கத்தக்கதே. ஆனால் வடிகட்டியின் உட்கொள்ளளவு தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் அதை அகற்ற வேண்டும் என்பது விதி. உள்ளிழைகளில் ரத்தம் உறைந்து அடைபட்ட வடிகட்டி, நேரம் முழுவதும் ஓடினாலும் முழு வேலையைச் செய்யாது.

இந்தக் குறைகள் ஒன்றுசேரும்போது விளைவு பெரிதாகிறது. சுத்திகரிப்பு வேகம் 200-லிருந்து 160-ஆகவும், நேரம் நான்கு மணியிலிருந்து மூன்றரை மணியாகவும் குறைந்தால், அதே நோயாளிக்குக் கிடைப்பது 0.96 மட்டுமே. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சிறு குறைகள்.

நீண்ட இடைவெளியின் விலை

ஓர் அமர்வின் தரத்தை அளந்தால் மட்டும் போதாது; வாரத்தின் கணக்கும் வேண்டும். இயற்கையான சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கின்றன. வாரம் மூன்று அமர்வுகள் எனில் 12 மணி நேரம். இரண்டு எனில் 8 மணி நேரம்.

அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நீரும் பொட்டாசியமும் கழிவுகளும் உடலில் சேர்கின்றன. 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் பெற்ற 32,065 அமெரிக்க நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தது. இரண்டு நாள் இடைவெளிக்கு மறுநாளில் இறப்பு விகிதம் 100 நோயாளி-ஆண்டுகளுக்கு 22.1 ஆகவும், மற்ற நாள்களில் 18 ஆகவும் இருந்தது.

வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும் மையத்துக்கு வருபவரை இதனுடன் ஒப்பிடலாம். திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே இரண்டு நாள்கள். வியாழனுக்கும் அடுத்த திங்களுக்கும் நடுவே மூன்று நாள்கள். வாரம் மூன்று முறை வருவோருக்கு எது மிக நீண்ட இடைவெளியோ, அது இவருக்கு மிகக் குறுகிய இடைவெளி.

வாரம் இரண்டு முறை என்பது எல்லாருக்கும் தவறானதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் பலருக்குச் சிறுநீரகங்கள் ஓரளவு இயங்கிக்கொண்டிருக்கும். போதிய சிறுநீரும் வெளியேறும். அத்தகையோருக்குக் குறைந்த எண்ணிக்கையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதை மருத்துவ உலகம் ஏற்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சேகரித்த சிறுநீரைக் குறித்த கால இடைவெளியில் பரிசோதித்து, எஞ்சிய சிறுநீரகச் செயல்பாட்டை அளக்க வேண்டும். அது குறையும்போது அமர்வுகளைக் கூட்ட வேண்டும். அளந்து பார்த்து முடிவெடுத்த 'இரண்டு' மருத்துவம். பணமோ படுக்கையோ இல்லாததால் நேர்ந்த 'இரண்டு' பற்றாக்குறை. அமர்வு எண்ணிக்கை மட்டும் உள்ள பதிவேட்டில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

ஒரே எண்ணை நம்பலாமா?

கேடி/வி எண்ணை மட்டும் இலக்காக்குவதிலும் ஆபத்து உண்டு. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஆயுளும் கூடுமா என்று சோதித்த 'ஹீமோ' ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. 1,846 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வில், வாரம் மூன்று முறை சிகிச்சை பெற்றோருக்கு வழக்கமான அளவைவிட அதிக அளவு தருவதால் இறப்பு குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை. குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போகாமல் இருப்பது முக்கியம். அந்த எல்லைக்கு மேல் எண்ணைத் துரத்துவதில் பெரும்பயன் இல்லை என்பதே அதிலிருந்து பெறப்பட்ட பாடம்.

இந்தியச் சூழலில் மற்றொரு சிக்கலும் உள்ளது. உடல் நீரின் அளவால் வகுப்பதால், மெலிந்த உடலுள்ளவருக்கு எண் எளிதில் உயர்ந்துவிடும். 40 கிலோ எடையும் 22 லிட்டர் உடல் நீரும் உள்ள ஒரு பெண்ணுக்கு, நிமிடத்திற்கு 160 மில்லி லிட்டர் என்ற மிதமான வேகத்தில் மூன்று மணி நேரம் சிகிச்சை அளித்தாலே 1.31 கிடைக்கும். அறிக்கையில் அவர் இலக்கை எட்டியவர். ஊட்டச்சத்துக் குறைவால் அவர் மேலும் மெலிந்தால் எண் இன்னும் அழகாகத் தெரியும்.

அவரது உடலில் சேர்ந்த நீரை வெளியேற்றுவதோ வேறு கணக்கு. இரண்டு லிட்டர் நீரை மூன்று மணி நேரத்தில் எடுத்தால், எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 16.7 மில்லி லிட்டர் வீதம் வெளியேறும். நான்கு மணி நேரத்தில் எடுத்தால் 12.5. மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லி லிட்டரைத் தாண்டும் வேகம் இதய பாதிப்போடும் இறப்போடும் தொடர்புடையதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. யூரியா கணக்கில் தேறிய மூன்று மணி நேரம், நீர்க் கணக்கில் தோற்கிறது.

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் முறையிலும் எண் மாறும். அமர்வு முடிந்ததும் பம்பின் வேகத்தைக் குறைத்துச் சில நொடிகள் காத்திருந்து மாதிரி எடுக்க வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் எடுத்தால், சுத்திகரித்த ரத்தம் கலந்து யூரியா உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். சிகிச்சை இருப்பதைவிடச் சிறப்பாகத் தோன்றும். ஆகவே ஓடிய நிமிடங்கள், வாரத்தின் மொத்த மணி நேரம், நீர் அகற்றிய வேகம், ஃபிஸ்டுலாவா கதீட்டரா என்ற விவரம், நோயாளியின் எடை ஆகியவற்றை கேடி/வி-யுடன் சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது.

எதற்குப் பணம் தரப்படுகிறது?

தேசிய டயாலிசிஸ் திட்டம் பெரும்பாலும் அரசு-தனியார் கூட்டு முறையில் நடைபெறுகிறது. இடம், மின்சாரம், நீர் வசதி ஆகியவற்றை அரசு மருத்துவமனை தருகிறது. இயந்திரம், ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு நிலையம், டயாலைசர், பணியாளர்கள் ஆகியவை ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனத்துக்குப் பணம் அமர்வுக் கணக்கில் செல்கிறது. காப்பீட்டுத் திட்டங்களும் அமர்வுக்கு இவ்வளவு என்றே தொகை வழங்குகின்றன.

இந்த ஏற்பாட்டால் சேவை வேகமாக விரிவடைந்தது உண்மை. அதே ஏற்பாடு, நேரத்தைக் குறைத்து ஒரு நாளில் கூடுதல் ஷிப்ட் நடத்துவதை லாபகரமாக்குகிறது என்பதும் உண்மை. எல்லா மையங்களும் அப்படிச் செய்கின்றன என்பது இதன் பொருளன்று. முழு நேரம் சிகிச்சை தரும் மையத்துக்கும் தராத மையத்துக்கும் ஒரே தொகை கிடைக்கும்போது, நேர்மையான மையம்தான் கூடுதல் செலவைச் சுமக்கிறது என்பதே இதன் பொருள்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. 2012 முதல் அந்நாட்டின் மெடிகேர், டயாலிசிஸ் மையங்களுக்கான தொகையைத் தர அளவுகளோடு இணைத்தது. இலக்கை எட்டாத மையங்களுக்கு 2 சதவீதம் வரை தொகை குறைக்கப்படும். தொடக்க ஆண்டில் பயன்படுத்திய அளவுகளில் ஒன்று, 65 சதவீத யூரியா குறைப்பு விகிதம். மையவாரியான முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன. இத்தகைய முறைக்குத் தீமையும் உண்டு. மதிப்பெண் குறையும் என்று அஞ்சி, சிக்கலான நோயாளிகளைச் சேர்க்க மையங்கள் தயங்கக்கூடும். எனவே தண்டனையைவிடப் பதிவும் வெளிப்படைத்தன்மையும் முதற்படியாக அமைவது பாதுகாப்பானது.

கையில் இருக்கும் வாய்ப்பு

இந்தியாவில் இதற்கான கட்டமைப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. திட்டத்துக்கென மத்திய சுகாதார அமைச்சகம் இணையதளம் ஒன்றை உருவாக்கி, நோயாளிகளை 14 இலக்க ஆபா எண்ணுடன் இணைத்து வருகிறது. ஒரே நாடு, ஒரே டயாலிசிஸ் என்ற பெயரில், நோயாளி எந்த ஊரிலும் சிகிச்சை பெறும் வசதியும், நாடு தழுவிய சிறுநீரக நோயாளர் பதிவேடும் இதன் நோக்கங்கள்.

அந்தப் பதிவேட்டில் ஒவ்வோர் அமர்வுக்கும் பம்ப் தொடங்கிய நேரம், நின்ற நேரம், அமர்வுக்கு முன்னும் பின்னும் எடை, மாதம் ஒருமுறை யூரியா குறைப்பு விகிதம் ஆகியவை கட்டாயப் பதிவுகளானால், அமர்வு எண்ணிக்கை சிகிச்சைக் கணக்காக மாறும். நவீன டயாலிசிஸ் இயந்திரங்கள் ஓடிய நேரத்தையும் செலுத்திய ரத்தத்தின் அளவையும் தாமே காட்டுகின்றன. எடைக்கருவி எல்லா மையங்களிலும் உண்டு. கூடுதலாக வேண்டியது மாதத்துக்கு இரண்டு யூரியா பரிசோதனைகளும், பதிவு செய்ய ஒரு பணியாளரின் சில நிமிடங்களும்.

இந்தக் கணக்கு வெளியானால் கொள்கைக்கும் அது உதவும். ஒரு மாவட்டத்தில் பலர் வாரம் இரண்டு முறை மட்டும் வருகிறார்கள் எனில், அங்குத் தேவை இயந்திரமா, பயணப்படியா என்பது தெரியவரும். நேரம் முழுமையாக இருந்தும் யூரியா குறையவில்லை எனில், ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை வசதி அங்கு இல்லை என்பது புலப்படலாம். தொலைவே தடை எனில், வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் பெரிடோனியல் டயாலிசிஸை அங்கு முன்னிறுத்தலாம். அதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டுள்ளது.

நோயாளிகளும் குடும்பத்தினரும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பம்ப் எப்போது தொடங்கி எப்போது நின்றது, கடைசியாக யூரியா குறைப்பு விகிதம் எப்போது பார்க்கப்பட்டது, அது எத்தனை சதவீதம், எஞ்சிய சிறுநீரகச் செயல்பாடு சோதிக்கப்பட்டதா என்பவை ஒவ்வொரு மையத்திலும் கேட்கத்தக்க கேள்விகள். முன்கூட்டியே எழும் அரை மணி நேரம் தனக்கு எவ்வளவு இழப்பு என்பது நோயாளிக்கும் அப்போதுதான் தெரியவரும்.

3.4 கோடி அமர்வுகள் தேவை என்ற மதிப்பீட்டுடன் தொடங்கிய திட்டம் இது. அந்த மதிப்பீடு ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று அமர்வுகளைக் கணக்கில் கொண்டது. இனி வரும் அறிக்கைகளில் மொத்த அமர்வுகளுக்கு அருகே, ஒரு நோயாளிக்கு வாரத்துக்குக் கிடைத்த சராசரி மணி நேரமும், குறைந்தபட்ச யூரியா குறைப்பை எட்டியோரின் சதவீதமும் இடம்பெற்றால், அந்த மதிப்பீட்டில் எவ்வளவு நிறைவேறியது என்பதை நாடு முதன்முறையாக அறிய முடியும்.